வழமையான சத்தம்

ஒரே சத்தத்தைப் பற்றி நான் இரண்டு வாக்குமூலங்கள் கொடுத்திருக்கிறேன். முதலாவது பொய். இரண்டாவது உண்மை, ஆனால் முழு உண்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் புகையிலைத் தோட்டத்தில் விழுந்த ஒரு சிறிய படை விமானத்தின் இயந்திரச் சத்தம் அது. அதை ஓட்டி வந்தவர் அங்கேயே இறந்துபோனார். இயந்திரம் பழுதானதா, அல்லது அவர் கவனமில்லாமல் ஓட்டினாரா என்று தீர்மானிக்க இருந்தவர்களுக்கு முன்னால் என் வாயிலிருந்து போன ஒரு சொல்லும் கிடந்தது.

எங்கள் வீடு சண்டிலிப்பாயில். பின்வளவு வேலிக்கு அப்பால் எல்லாம் தோட்டங்கள். தை மாதத்தில் புகையிலை இடுப்பளவுக்கு நிற்கும். இடையில் வெங்காயப் பாத்திகள், கத்தரி, ஓரங்களில் வாழை. வடக்கே உள்ள விமானத்தளத்திலிருந்து அந்தப் பயிற்சி விமானம் காலை வேளைகளில் வரும். எங்கள் கூரைக்கு மேலால் வளைந்து திரும்பிப் போகும். என் மகளுக்கு அப்போது நாலு வயது. சத்தம் கேட்டால் முற்றத்துக்கு ஓடிப்போய்க் கை காட்டுவாள். விமானி தன்னைக் கண்டு சிறகை ஆட்டுகிறார் என்று நேசரியில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாள். நான் அவளைத் தடுக்கவில்லை. விமானத்துக்குக் கை காட்டுகிற ஒரு பிள்ளையை நான் வளர்க்கிறேன் என்பதில் எனக்குள் ஒரு ஆறுதல்கூட இருந்தது.

நான் அப்படி வளரவில்லை. எழுத்துப் பழகும் முன்பே எங்களுக்கு வானத்துச் சத்தங்கள் பழகிவிட்டன. எது பொம்மர், எது ஹெலி, எது சகடை என்று காதால் சொல்லிவிடுவோம். சகடை என்பது பழைய சாமான் விமானம் ஒன்றுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர். முனகிக்கொண்டு மெல்ல வரும். அதிலிருந்து குண்டுகளை உருட்டி விடுவார்கள். எந்தப் பக்கம் போகிறது, திரும்புகிறதா, உயரம் குறைகிறதா என்பதெல்லாம் பதுங்குகுழிக்குள் இருந்தபடியே தெரியும். வகுப்பில் முதலில் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளிடம் ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பு பல தடவை எனக்குக் கிடைத்தது.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். ஒரு நாள், எங்கேயோ ஒரு விமானம் விழுந்துவிட்டது என்று செய்தி வந்தபோது எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகக் கற்கண்டு கொடுத்தார்கள். நானும் கை நீட்டி வாங்கினேன். விமானத்துக்குள் ஆட்கள் இருப்பார்கள் என்பது அன்று எனக்குத் தோன்றவேயில்லை. அந்த வயதில் விமானம் என்பது ஆட்கள் ஓட்டுகிற ஒரு வாகனம் அல்ல. அது தானாகவே வருகிற ஒன்று.

வேலிக்கு அப்பால் உள்ள தோட்டத்தைச் செய்கிறவரை நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். அறுபது வயது இருக்கும். அவருடைய சொந்தக் காணி வடக்கே, பாதி இன்னும் படையினரின் கம்பிவேலிக்குள் கிடக்கிறது. இங்கே குத்தகைக்குத்தான் செய்கிறார். போர்த் தடையால் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளையும் நீர் இறைக்கும் மிசினையும் ஓட வைத்தவர். ஒரு இயந்திரம் சுகமாக இருக்கிறதா இல்லையா என்பதைத் தொடாமலே சொல்லுவார்.

விமானம் விழுவதற்கு மூன்று நாட்களுக்கு முதல், நான் கத்தரிக்காய் வாங்கப் போயிருந்தேன். அண்ணை வாய்க்கால் மறித்துக்கொண்டு நின்றார். விமானம் எங்களுக்கு மேலால் வந்து திரும்பியது. திரும்பும்போது சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு வந்தது. அண்ணை தலையை நிமிர்த்தினார்.

"கேட்டனியே பிள்ளை? உவன் விட்டு விட்டு அடிக்கிறான்."

"ஓம் அண்ணை. ரெண்டு தரம் நிண்டு வந்தது."

"எங்கடை பழைய மிசின் சாகப்போற நேரம் உப்பிடித்தான் இருமினது. கழட்டிக் கழுவிப் பூட்டவேணும். என்னைக் கேட்டாங்களெண்டால் போய்ச் செய்து குடுப்பன். உள்ளை விடுவாங்களோ?"

"உள்ளை விடுவாங்கள் அண்ணை. திரும்பி வெளியிலை விடுறதைப் பற்றித்தான் யோசிக்கவேணும்."

அவர் மண்வெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கத்தரிக்காய் வெட்டும்போது அந்தச் சத்தம் மனதில் மறுபடி ஓடியது. யாருக்காவது சொல்ல வேண்டுமோ என்று நினைத்தேன். யாருக்கு? முகாம் வாசலில் போய் நின்று, ஐயா உங்கள் விமானம் இருமுகிறது என்று சொல்வதா? சொன்னால் நம்புவார்களா, அல்லது ஒரு பெண் ஏன் விமானத்தைக் கவனிக்கிறாள் என்று கேட்பார்களா? அடுத்த நாள் அது வந்தபோது சத்தம் ஒழுங்காக இருந்தது. கழுவிப் பூட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு அடுத்த நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது.

அன்று நேசரிக்கு விடுமுறை. மகளையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து வரம்பால் போய்க்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். விமானம் எங்களை நோக்கி வந்தது. மகள் கையைத் தூக்கினாள். சத்தம் நின்றது, வந்தது. மறுபடி நின்றது, வந்தது. மூன்றாம் தரம் நின்றது. பிறகு வரவில்லை.

அந்த அமைதியில் நான் என்ன செய்தேன் என்பதைப் பிறகு மகள்தான் எனக்குச் சொன்னாள். அவளைத் தூக்கிக் காய்ந்த வாய்க்காலுக்குள் குப்புறப் போட்டு, அவளுக்கு மேல் நான் விழுந்திருக்கிறேன். காதைப் பொத்து, வாயைத் திற என்று கத்தியிருக்கிறேன். குண்டு வெடித்தால் செவிப்பறை கிழியாமல் இருக்க எங்களுக்குச் சின்ன வயதில் பழக்கியது அது. இருபது வருடங்களாக நான் அதை நினைத்ததுகூட இல்லை. யாரோ மிகப் பெரிய சாக்கு மூட்டையை நிலத்தில் போட்டது போல ஒரு சத்தம் வந்தது. வெடிக்கவில்லை. எரிபொருள் மணந்தது.

நான் எழும்பவில்லை. இரண்டாவது சுற்றுக்காகக் காத்திருந்தேன். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும், முதல் குண்டு விழுந்ததும் எழும்பி ஓடக்கூடாது. விமானம் வளைந்து மறுபடி வரும், ஓடுகிறவர்கள்தான் அப்போது அகப்படுவார்கள். தலையைச் சற்றுத் திருப்பிப் பார்த்தேன். புகையிலைக்குள் அண்ணையும் குப்புறக் கிடந்தார், இரண்டு கைகளும் பிடரியில். அவருக்கு அப்பால் வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் பாத்திக்குள் கிடந்தார்கள். விழுந்தது ஒரு விமானம்; அதற்குள் ஒரு ஆள் இருக்கிறார்; இரண்டாவது சுற்று வர இனி ஒன்றுமில்லை. இதை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. அந்தத் தோட்டவெளி முழுவதும் மனிதர்கள் நிலத்தோடு நிலமாகக் கிடந்து, வராத ஒரு குண்டை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம்.

மகள் எனக்குக் கீழே இருந்து, இனி வாயை மூடட்டோ என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். இரண்டாம் தரம் கேட்டபோதுதான் அண்ணை எழும்பி ஓடுகிற சத்தம் கேட்டது. நான் ஓடவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அண்ணை போனபோது அந்தப் பிள்ளைக்கு உயிர் இல்லை என்று பிறகு அறிந்தேன். விமானியைப் பிள்ளை என்றுதான் அண்ணை சொன்னார்.

அன்று பிற்பகலே விசாரணைக்கு வந்துவிட்டார்கள். கிராம அலுவலரான விதானையாருடைய அலுவலக விறாந்தையில் மேசை போட்டு, சீருடையில் ஒரு அதிகாரியும் மொழிபெயர்க்க ஒருவரும் இருந்தார்கள். தோட்டத்தில் நின்ற எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் அண்ணை போனார். நீர் இறைக்கும் மிசின் ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றும் கேட்கவில்லை என்றார். மிசின் ஓடவில்லை. வாய்க்கால் காய்ந்து கிடந்தது.

என்னிடம் ஐந்தாறு கேள்விகள் கேட்டார்கள். எங்கே நின்றீர்கள், எந்தத் திசையிலிருந்து வந்தது, எவ்வளவு உயரம். கடைசியாக, இயந்திரச் சத்தம் வழமைபோல இருந்ததா என்று கேட்டார்கள்.

"ஓம்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. வாய் தானாகச் சொன்னது. சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: சீருடை கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் அடுத்த கேள்வி பிறக்காத பதில். இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஓம் என்றால் அடையாள அட்டையைத் திருப்பித் தருவார்கள். அதிகாரி சிங்களத்தில் எழுதினார். நான் அதை வாசிக்கத் தெரியாமல் கீழே கையெழுத்து வைத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்தபோது, நல்லபடி முடிந்துவிட்டது என்ற நிம்மதி ஒன்று வந்தது. அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு கிழமைக்குப் பிறகு நேசரி ஆசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஒரு ஹெலி பள்ளிக்கூடத்துக்கு மேலால் போனபோது, என் மகள் மண்ணில் குப்புறப் படுத்து, காதைப் பொத்தி, வாயை ஆவென்று திறந்திருக்கிறாள். மற்றப் பிள்ளைகளுக்கும் பழக்கியிருக்கிறாள். பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாக மண்ணில் வாயைத் திறந்தபடி கிடந்தார்களாம். ஆசிரியை சின்னப் பெண். அது ஏதோ புது விளையாட்டு என்று நினைத்து, மண் வாய்க்குள் போகும் என்பதற்காகத்தான் எனக்குச் சொன்னார். நான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். மகள் அதற்குப் பிறகு கை காட்டவில்லை.

விமானியின் மனைவி பங்குனியில் வந்தார். விதானையார்தான் கூட்டிக்கொண்டு வந்தார். தெற்கிலிருந்து தனியாக வந்திருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைந்திருக்கும். வெள்ளைச் சட்டை, காதில் ஒன்றுமில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது பள்ளிக்கூட ஆங்கிலம்தான். இரண்டு பேரும் சொல் தேடித் தேடிக் கதைத்தோம். மகனுக்கு மூன்று வயது, அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்றார்.

இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனேன். புகையிலை வெட்டி முடிந்து, நிலம் கொத்திக் கிடந்தது. இங்கேதான் என்று காட்ட ஒரு அடையாளமும் இல்லை. நான் கையால் ஏறக்குறைய ஒரு இடத்தைக் காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மண்ணில் போய் நின்றார். தூரத்தில் அண்ணை எங்களைக் கண்டதும் மிசின் கொட்டிலுக்குப் பின்னால் போய்விட்டார்.

திரும்பி வந்து தேநீர் குடிக்கும்போது விபரமாகச் சொன்னார். விசாரணை முடியப்போகிறதாம். தரையில் நின்று சத்தம் கேட்ட ஆட்கள் எல்லோரும் இயந்திரம் வழமைபோல ஓடியது என்று சொல்லியிருக்கிறார்களாம். அப்படியென்றால் விமானிதான் தாழப் பறந்து கணக்குத் தவறவிட்டார் என்றுதான் எழுதுவார்கள். அந்த விமானம் தன்னைவிட வயது கூடியது என்று அவர் வீட்டில் பகிடியாகச் சொல்லுவாராம். காலையில் புறப்படும்போது, கிழவிக்கு இன்றைக்கு உடம்பு எப்படியோ என்று சொல்லிவிட்டுப் போவாராம். ஆனால் பகிடியைச் சாட்சியாக எடுக்கமாட்டார்கள்தானே என்றார். அவருடைய ஊரில் இப்போதே சிலர், வேடிக்கை காட்டப் போய் விழுந்தவர் என்று கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். மகன் வளர்ந்து கேட்பான்.

பிறகு கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கடதாசியில் இருப்பது எனக்குத் தெரியும். உங்கள் வாயால் ஒரு தரம் கேட்டுவிட்டுப் போகத்தான் வந்தேன். சத்தம் வழமைபோலத்தான் இருந்ததா?"

நான் ஓம் என்றேன்.

அவர் சீருடையில் வரவில்லை. கையில் கடதாசி இல்லை. விதானையார்கூட ஒழுங்கையில் நின்று தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். இருந்தும் ஓம் என்றேன். ஒரு தரம் கையெழுத்து வைத்ததற்கு மாறாகச் சொன்னால் என்ன வருமோ என்ற பயம் நாக்கில் இருந்தது. அவர் என்னோடு தர்க்கம் செய்யவில்லை. மெல்லத் தலையாட்டினார். "அப்படியென்றால் அவர்தான் பிழைவிட்டிருக்கிறார். யாருக்கும் வரலாம்" என்றார். நன்றி சொன்னார். முகம் கழுவ வேண்டும் என்று கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் நின்றார். போகும்போது என் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, ஒரு துண்டில் தன் இலக்கத்தையும் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அவர் அழுது, என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் நான் என் பொய்யோடு இருந்திருப்பேன். அவர் என்னை நம்பினார். இறந்த கணவனை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத என்னை நம்பினார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

என் கணவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கெழுதுகிறவர், நிதானமான மனிதர். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது அவரிடம் எல்லாவற்றையும், வாக்குமூலத்தை மாற்றிச் சொல்ல நினைப்பதையும் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"நீர் இப்ப போய் மாத்திச் சொன்னால் முதல் ஏன் பொய் சொன்னனீர் எண்டுதான் கேப்பினம்" என்றார். "ஒருக்கா அவங்கடை பைலுக்குள்ளை பேர் போனால் பிறகு அது அங்கைதான் கிடக்கும். பிள்ளை இருக்கிறாள்."

"அவவுக்கும் பிள்ளை இருக்குத்தானே."

"அது எனக்குத் தெரியும்."

பிறகு வேறு ஒரு குரலில் கேட்டார். "உவங்கள் எங்களுக்கு மேலை வந்த நேரம் ஆரும் போய் எங்களுக்காகச் சாட்சி சொன்னவையோ?"

அவருடைய பெரியம்மா ஒருவர் குண்டில்தான் இறந்தவர். அவர் கேட்டது கோபத்தில் அல்ல. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலத்தான் கேட்டார். இரண்டு நாட்கள் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வீட்டு வேலை செய்தேன். கற்கண்டு வாங்கிய கை இது என்றும் நினைத்தேன். ஒரு வேளை அந்தக் கற்கண்டுக்காகத்தான் போகத் துடிக்கிறேனோ, அந்தப் பெண்ணுக்காக அல்லவோ என்றும் சந்தேகம் வந்தது. எந்தக் காரணத்துக்காகப் போனாலும் சொல்லப்போகிற விடயம் ஒன்றுதானே என்று ஒரு கட்டத்தில் யோசிப்பதை விட்டுவிட்டேன்.

அண்ணையிடம் போய், நீங்களும் வாறீங்களோ என்று கேட்டேன். அவர் மிசினின் மூடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ரை பாதிக் காணி அவங்கடை கம்பிக்குள்ளை கிடக்குது பிள்ளை. மற்றப் பாதியை விட்டு இன்னும் ஒரு வரியம் ஆகேல்லை. நான் என்னெண்டு போய் உங்கடை மிசின் பிழை எண்டு சொல்லுறது?"

"நான் உங்கடை பேரைச் சொல்லமாட்டன் அண்ணை."

"சொல்லாதை" என்றார். பிறகு, "நீ போறதைப் போகாதையெண்டும் சொல்லமாட்டன்" என்றார். துணியை எடுத்து ஏற்கனவே துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

விதானையார் மூலம் தகவல் போனது. பிரதேச செயலகத்தில் ஒரு அறைக்கு வரச் சொன்னார்கள். வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது கணவரே மோட்டார் சைக்கிளை எடுத்தார். மகளை முன்னால் இருத்திக்கொண்டார். உள்ளே நான் போக, அவர்கள் இரண்டு பேரும் வெளியே மர வாங்கில் இருந்தார்கள்.

இந்த முறை வேறு அதிகாரி, வயதானவர். மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் என்பது அவர் கதைத்த விதத்தில் தெரிந்தது. நான் முதலே ஒன்று கேட்டேன்: என் வாக்குமூலத்தைத் தமிழில் நானே எழுதித் தருகிறேன் என்று. அதிகாரி அதற்குச் சம்மதித்தார். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். சத்தம் மூன்று தரம் நின்றது என்றும், மூன்றாம் தரம் திரும்பி வரவில்லை என்றும் எழுதினேன். விழுந்த பிறகு நாங்கள் உடனே போகவில்லை, காத்திருந்தோம் என்பதையும் எழுதினேன். அது கேட்கப்படவில்லை. ஆனாலும் எழுதினேன்.

ஏன் முதலில் வேறு மாதிரிச் சொன்னீர்கள் என்று கேட்டார்கள். பயத்தில் என்றேன். யாராவது பயமுறுத்தினார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியென்றால் எதற்குப் பயம் என்று கேட்டார்கள். நான் அதிகாரியின் சீருடையைப் பார்த்தேன். அவரும் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு ஒருவரும் பதில் எழுதவில்லை.

பிறகு, இயந்திரத்தைப் பற்றி ஏதாவது படித்திருக்கிறீர்களா, நின்று வந்தது என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

"உந்தச் சத்தங்களைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தனாங்கள்" என்றேன்.

என் வசனம் சின்னது. மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொன்னது நீளமாக இருந்தது. என்னென்ன சேர்த்தார் என்று எனக்குத் தெரியாது. அதிகாரி நடுவில் ஒரு தரம் ஏதோ கேட்டார், அவர் தன் காதைத் தொட்டுக் காட்டி விளக்கினார்.

கடைசியாக இன்னொரு கேள்வி வந்தது. விமானி வீடுகளைத் தவிர்ப்பதற்காகத் தோட்டப் பக்கம் திருப்பினாரா? நான் ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய கொடை இல்லை. அந்த மகனுக்கும் இல்லை. வீடுகள் இந்தப் பக்கம், விழுந்தது அந்தப் பக்கம், நம்பக்கூடிய கதைதான். ஆனால் நான் அதைக் காணவில்லை. என் முகம் மண்ணுக்குள் இருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றேன். அதைச் சொல்வதுதான் அன்று எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

கையெழுத்து வைத்து வெளியே வந்தேன். ஒருவரும் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஒழுங்கையில் வாகனம் நின்றால் ஒரு மாதம் வரைக்கும் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, மருதனார்மடம் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது விமானியின் மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது. விசாரணை முடிந்துவிட்டதாம். விபத்துக்கான காரணத்தைத் திட்டவட்டமாகத் தீர்மானிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்களாம். இயந்திரம் பழுது என்று எழுதவில்லை. விமானியின் பிழை என்றும் எழுதவில்லை. "மகனுக்கு இதை என்னால் வாசித்துக் காட்ட முடியும்" என்றார். என் இரண்டாவது வாக்குமூலத்துக்காக நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்க எனக்கு அருகதை இல்லை என்று நினைத்தேன். சந்தைச் சத்தத்திலிருந்து விலகி, பூட்டிக் கிடந்த ஒரு கடையின் ஓரமாகப் போய் நின்றேன்.

வாக்குமூலத்தில் நான் எழுதாததை அப்போது சொன்னேன். மூன்று நாட்களுக்கு முதலே அந்தச் சத்தம் கேட்டது, நின்று நின்றுதான் வந்தது, எனக்குத் தெரியும், சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன் என்றேன். அன்றைய சத்தத்தைப் பற்றி மட்டும்தான் கேட்டார்கள், அதற்கு மட்டும்தான் எழுதினேன் என்றும் சொன்னேன். என் ஆங்கிலம் உடைந்து உடைந்து வந்தது. விளங்கியதோ தெரியாமல் மறுபடி சொன்னேன்.

விளங்கியது என்றார். பிறகு தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்; அறவில்லை. அவர் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை ஏதோ கேட்டுக்கொண்டிருப்பது கேட்டது.

"யாரிடம் சொல்லியிருப்பீர்கள்?" என்று கேட்டார்.

குற்றம் சாட்டுகிற குரல் அல்ல. என்னை மன்னிக்கிற குரலும் அல்ல. நான் யாருடைய பெயரையாவது, எந்தக் கதவையாவது சொல்வேன் என்று காத்திருக்கிறார் போல இருந்தது. நானும் தேடினேன். எனக்கு ஒருவரும் தோன்றவில்லை. தெரியாது என்றேன்.

சுகமாக இருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சொல்லாமல் விட்டிருக்கலாமோ, கிடைத்த அந்த ஒரு வசனத்தோடு அவரை நிம்மதியாக விட்டிருக்கலாமோ என்று இன்றும் யோசிக்கிறேன். அவருக்குத் தெரியத்தான் வேண்டும் என்று சில நாட்கள் தோன்றுகிறது. என் பாரத்தைக் கொண்டுபோய் அவருடைய வீட்டில் இறக்கிவிட்டேன் என்று வேறு சில நாட்கள் தோன்றுகிறது.